வருஷத்துக்கு ஒரு கினி

ஓல்னிக்கு நான் போனதில்லை. போவேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு வீட்டின் பின்தோட்டத்திலிருந்து இன்னொரு வீட்டின் தோட்டக் கதவு வரை போகிற ஒரு நடைபாதை கொஞ்ச காலமாக என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதைப் பற்றி எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தீருமா என்று தெரியவில்லை.

இங்கிலாந்தில், பக்கிங்காம்ஷயரின் வட ஓரத்தில், கிரேட் ஊஸ் நதியின் கரையில் இருக்கிறது ஊர். கிரேட் என்பது பெயரில்தான். அவசரமே இல்லாத நதி. நார்த்தாம்ப்டன்ஷயரில் பிறந்து, சமதரையில் வளைந்து வளைந்து, பெட்ஃபோர்டைத் தாண்டி, கிங்ஸ் லின் பக்கம் கடலில் விழுவதற்குள் 230 கிலோமீட்டர் போல எடுத்துக்கொள்கிறது. குளிர்கால மழையில் கரை தெரியாமல் புல்வெளிகளில் ஏறி நிற்கும். அதனால் பழைய பாலம் ஆற்றைவிடப் பல மடங்கு நீளமாக இருந்தது. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு மட்டுமல்லாமல், வரக்கூடிய இடத்துக்கும் சேர்த்துக் கட்டிய பாலம். (இப்போது இருப்பது 1832இல் கட்டியது.) ஆற்றோரம் பதினாலாம் நூற்றாண்டுத் தேவாலயம், 185 அடிக் கூர்கோபுரம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத பூமியானதால் வெகு தூரத்திலிருந்தே அந்த ஊசி தெரியும் என்கிறார்கள். மற்றபடி சுண்ணாம்புக்கல் வீடுகள், முக்கோணமான சந்தைத் திடல், அகலமான ஒரு பெரிய தெரு. வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்ப் பெண்கள் அப்பச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு 415 கஜம் ஓடுகிற பந்தயம் ஒன்று உண்டு. 1445இல் ஆரம்பித்ததாக ஐதிகம். ஓல்னி என்றால் வெளியார் பலருக்கு அதுதான் தெரியும்.

அந்தப் பெண்களின் முன்னோர் லேஸ் பின்னியவர்கள். தலையணை போன்ற மெத்தையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கழிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. குழந்தைகளையும் அதில் உட்கார்த்தினார்கள். 1780இல் இந்த ஊரிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், இங்கே ஏறக்குறைய 1200 லேஸ்காரர்கள் இருக்கிறார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் பட்டினியின் விளிம்பில் நிற்கிறார்கள், என் கண்ணால் பார்க்கிறேன் என்று ஒருவர் லண்டன் நண்பருக்குச் சொல்கிறார். எழுதியவர் கவிஞர் வில்லியம் கூப்பர். கல்லூரியில் எங்களுக்கு இவரைக் 'கௌப்பர்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ரொமாண்டிக் கவிஞர்களுக்கு முந்தின ஒரு படிக்கட்டு என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு வேர்ட்ஸ்வர்த்துக்குப் போனார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு எல்லாக் கவிஞர்களும் இன்னொருவருக்குப் படிக்கட்டுதான்.

கூப்பர் சந்தைத் திடலில் ஆர்ச்சர்ட் சைட் என்ற வீட்டில் இருந்தார். தேவாலயப் பக்கத்துப் பாதிரியார் வீட்டில் ஜான் நியூட்டன் இருந்தார். இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் இடையில் வேறொருவருக்குச் சொந்தமான பழத்தோட்டம். தெருவைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதன் வழியே நடந்து போய் வருவதற்கு நண்பர்கள் இருவரும் வருஷத்துக்கு ஒரு கினி கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கே கினி வயல் என்று பெயர் வந்துவிட்டது. இதுதான் நான் சொன்ன பாதை.

கினி என்பது தங்க நாணயம். 1663இல் முதலில் அடித்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த தங்கம், அதனால் அந்தப் பெயர். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி கொண்டுவந்த தங்கத்தில் அடித்த நாணயங்களில் அரசன் தலைக்குக் கீழே சின்னதாக ஒரு யானை இருக்கும். அதே கம்பெனிதான் அதே கரையிலிருந்து மனிதர்களையும் ஏற்றி அனுப்பியது. நியூட்டன் பாதிரியார் ஆவதற்கு முன் அந்தக் கரையில் மனிதர்களை வாங்கிக் கப்பலில் ஏற்றிய மாலுமி. இந்தப் பெயர்ப் பொருத்தம் நண்பர்கள் இருவருக்கும் ஒரு நாளாவது உறைத்ததா என்று யோசிக்கிறேன். உறைத்திருக்காது. தினமும் புழங்குகிற காசின் பெயரை யார் கேட்கிறார்கள்?

நியூட்டன் கதையைப் பலரும் கேட்டிருக்கலாம். 'அமேஸிங் கிரேஸ்' என்று தொடங்கும், உலகம் பூராவும் பாடுகிற அந்தப் பாட்டை எழுதியவர். கேட்ட கதை இப்படி இருக்கும்: கெட்ட மாலுமி, அடிமை வியாபாரி, புயலில் கப்பல் மூழ்கப் போகிறது, கடவுளைக் கூப்பிடுகிறான், பிழைக்கிறான், தொழிலை விடுகிறான், பாட்டு எழுதுகிறான். சினிமாவுக்குச் சௌகரியமான கதை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

புயல் 1748 மார்ச்சில். அதே ஆண்டில் நியூட்டன் 'பிரௌன்லோ' என்ற அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போகிறார். பிறகு காப்டனாக மூன்று பயணங்கள், 1750லிருந்து 1754 வரை. அதாவது கடவுளைக் கண்ட பிறகுதான் காப்டன் ஆகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பந்திகளைக் கூட்டி வைத்து ஜபம் நடத்துகிறார். கீழ்த்தட்டில் சங்கிலியில் மனிதர்கள். 1754இல் அவர் கடலை விட்டது மனசாட்சி உறுத்தியதால் அல்ல. புறப்படுவதற்குச் சில நாள் முன்பு திடீரென்று ஒரு வலிப்பு வந்தது. அதன்பின் லிவர்பூலில் சுங்க உத்தியோகம். 1764இல் ஓல்னிக்குப் பாதிரியாராக வருகிறார். அதே ஆண்டு வெளியான சுயசரிதையில், அந்தத் தொழில் சிறைக்காவலன் வேலை மாதிரி மனசுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது தவறு என்று அப்போது ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். ஓல்னியில் கிட்டத்தட்ட பதினாறு வருஷம் இருந்தார். அந்தப் பதினாறு வருஷத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராக எதையும் அவர் வெளியிடவில்லை. அதற்கான சிறு நூலை அவர் எழுதியது லண்டனில், 1788இல். கடைசிப் பயணத்துக்கு முப்பத்து நாலு வருஷம் கழித்து.

இதைச் சொல்வது அவரை அயோக்கியன் என்று நிரூபிக்க அல்ல. அது சுலபம், சுலபமான காரியத்தில் எனக்கு ருசி இல்லை. ஓல்னியில் அவர் நல்ல மனிதர். லேஸ்காரர்களின் பஞ்சத்தில் பங்கெடுத்தவர். லண்டன் வியாபாரி ஜான் தார்ன்டன் வருஷம் 200 பவுன் அனுப்பி, ஏழைகளுக்குச் செலவு செய் என்று நம்பிக் கொடுக்கிற அளவுக்கு நல்லவர். பிரசங்கம் கேட்க வந்த கூட்டத்துக்குத் தேவாலயத்தில் இடம் போதாமல் 1765இல் மாடம் கட்டினார்கள். கூப்பருக்குப் புத்தி பேதலித்தபோது, 1773 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டார். உறவினர்கூடச் செய்ய யோசிக்கிற காரியம்.

இப்போது பாதையின் அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். கூப்பர் வக்கீலுக்குப் படித்தவர். 1763இல் பிரபுக்கள் சபையில் குறிப்பேடுகளைப் பராமரிக்கிற கிளார்க் வேலைக்கு அவரை ஏற்பாடு செய்தார்கள். சபை முன் நின்று வாய்மொழித் தேர்வு கொடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் மனசு உடைந்து தற்கொலைக்கு முயன்றார். பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. 1773 ஜனவரியில் மறுபடி உடைந்தார். கடவுள் தன்னை, தன்னை மட்டும், நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவில் கேட்ட வாக்கு அவருக்கு உறுதியாகிவிட்டது. அந்தப் புத்தாண்டு ஆராதனைக்குத்தான் நியூட்டன் தன் பிரசித்தமான பாட்டை எழுதினார் என்று கொள்கிறார்கள். அதே மாதத்துக்குப் பிறகு கூப்பர் தேவாலயத்துக்குள் ஆராதனைக்குப் போகவே இல்லை. 1800இல் சாகிற வரை, இருபத்தேழு வருஷம், தான் நரகத்துக்கு விதிக்கப்பட்டவன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இதற்கு நடுவில் மூன்று முயல்கள் வளர்த்தார், வெள்ளரிக்காய் போட்டார், தச்சு வேலை பழகினார், 'தி டாஸ்க்' என்ற நீண்ட கவிதையை எழுதினார், நகைச்சுவையான கடிதங்கள் எழுதினார். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.

ஆக, ஒரு தோட்டப் பாதையின் இந்த முனையில், நூற்றுக்கணக்கான மனிதர்களைச் சங்கிலியில் கொண்டுபோய் விற்றவர், தன் பாவம் கழுவப்பட்டுவிட்டது என்ற நிச்சயத்தில் இருக்கிறார். அந்த முனையில், முயல் வளர்த்தவர், தனக்கு மன்னிப்பே இல்லை என்ற நிச்சயத்தில் இருக்கிறார். இருவருக்கும் ஒரே மதம், ஒரே தேவாலயம், ஒரே பாட்டுப் புத்தகம். (1779இல் வந்த 'ஓல்னி ஹிம்ஸ்' தொகுப்பில் 348 பாட்டுகள், அறுபதுக்கு மேல் கூப்பருடையவை, மற்றவை நியூட்டனுடையவை.) குற்ற உணர்வுக்கும் குற்றத்துக்கும் விகிதம் ஏதாவது உண்டா என்று கேட்கிறவன் இந்த ஒரு பாதையை நடந்து பார்த்தால் போதும்.

மனசாட்சியை ஒரு கருவி மாதிரி, ஒரு தராசு மாதிரி நாம் பேசுகிறோம். உறுத்துகிறது, உறுத்தவில்லை என்கிறோம். என் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதுகிறேன் என்று நம் பத்திரிகைகளில் வாரி வழங்குகிறோம். ஓல்னியில் அந்தத் தராசு இரண்டு வீட்டிலும் தப்பாகக் காட்டியது. கூப்பரின் தராசில் ஒன்றும் வைக்காமலேயே தட்டு தரையைத் தொட்டது. நியூட்டனுடையது அசையவே இல்லை. நோய் என்று கூப்பரை ஒதுக்கிவிடலாம்; மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சரியாகவும் இருக்கலாம். ஆனால் நியூட்டனுக்கு என்ன நோய்? உறங்கினார், உண்டார், ஊருக்கு உதவினார். அவரைத்தான் நாம் ஆரோக்கியம் என்கிறோம்.

உடனே வருகிற பதில்: காலம் அப்படி. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அது சகஜம், இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைக்காதே. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் வெகு நாள் நினைத்தேன். இரண்டு விஷயங்கள் இடிக்கின்றன. ஒன்று, ஜான் வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்து நூல் வெளியிட்டது 1774இல். நியூட்டன் ஓல்னியில் இருந்தபோதே. குவேக்கர்கள் அதற்கும் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலத்திலிருந்து சிலர் வெளியே வர முடிந்திருக்கிறது.

இரண்டாவது இதைவிடக் கனமானது. நியூட்டனின் கப்பல் குறிப்பேடு கிடைத்திருக்கிறது; 1962இல் அச்சில் வந்தது. 1752 டிசம்பர் 11 அன்று ஒரு பதிவு. தெய்வ அருளால் ஒரு சதியைக் கண்டுபிடித்தோம் என்று தொடங்குகிறது. அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். அறையில் கத்தி, கற்கள், ஓர் உளி. முக்கியமாக எட்டுப் பேர். அவர்களுக்கு இவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாலு சிறுவர்கள். உண்மையை வரவழைக்க அந்தச் சிறுவர்களுக்கு விலங்கு பூட்டி, கட்டைவிரல் நசுக்கும் திருகை இலேசாகப் போட்டேன் என்று எழுதுகிறார். 'இலேசாக' என்ற அந்த வார்த்தையில் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

'அந்தக் காலத்தில் எல்லோருக்கும்' என்கிறபோது அந்த எல்லோரில் இந்த எட்டுப் பேர் இல்லை. நாலு சிறுவர்கள் இல்லை. 1752 அவர்களுக்கும்தான் 1752. அவர்கள் வெஸ்லிக்காகக் காத்திருக்கவில்லை. தங்களுக்கு நடப்பது அநியாயம் என்று அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கிறது, உளியைத் தேடி எடுக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. காலத்தின் குருட்டுத்தனம் என்று நாம் சொல்வது மேல்தட்டில் நின்றவர்களின் குருட்டுத்தனம்தான். கீழ்த்தட்டையும் சேர்த்து எண்ணினால், அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் அடிமை முறைக்கு எதிரானவர்கள்.

துன்பப்பட்டவனுக்குத்தான் பிறர் துன்பம் தெரியும் என்பார்கள். அதுவும் இங்கே உதவாது. நியூட்டனே பட்டவர். இருபது வயதில் சியரா லியோன் கரையை ஒட்டிய பிளான்டன் தீவுகளில் ஓர் அடிமை வியாபாரியிடம் மாட்டிக்கொண்டு, காய்ச்சலிலும் பட்டினியிலும் கிடந்தார். அப்போது சங்கிலியில் கிடந்த அடிமைகள், தங்களுக்குக் கிடைத்த கொஞ்சத்திலிருந்து, யாருக்கும் தெரியாமல் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். இதை அவரே எழுதியிருக்கிறார், நன்றியோடு எழுதியிருக்கிறார். நாலைந்து வருஷத்தில் காப்டன். அந்தச் சோறு அவர் நினைவில் இருந்தது. கையில் இறங்கவில்லை.

ஓல்னி பாதிரியார் வீட்டில், மேல்மாடியில், அவருடைய படிப்பறை. கணப்புக்கு மேலே சுவரில் இரண்டு வேத வசனங்களை எழுதிவைத்திருந்தார், தினமும் கண்ணில் படும்படி. இரண்டாவது உபாகமத்திலிருந்து: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததையும், கர்த்தர் உன்னை மீட்டதையும் மறக்காதே என்கிற வசனம். பிறகு தன் கல்லறை வாசகத்தையும் தானே எழுதிவைத்துவிட்டுப் போனார். அதில் தன்னை நாத்திகன் என்கிறார், ஒழுக்கம் கெட்டவன் என்கிறார், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கே ஊழியனாய்க் கிடந்தவன் என்கிறார். எல்லாம் நிஜம். தன்னைத் தாழ்த்திக்கொள்வதில் தயக்கமே இல்லை. ஆனால் அடிமைக் கப்பலின் காப்டன் என்று ஒரு சொல் அந்தக் கல்லில் இல்லை. சுவரிலும் கல்லிலும் அவர் நினைவுபடுத்திக்கொண்டது தான் அடிமையாக இருந்ததை. அடிமையாக்கியதை அல்ல. மறதி என்றால் ஒன்றும் நினைவில்லாமல் போவது என்று நினைத்திருந்தேன். தினமும் கவனமாக, பக்தியோடு, வேறொன்றை நினைத்துக்கொண்டிருப்பதாகவும் அது இருக்கலாம் போலிருக்கிறது.

இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது, மன்னிக்க வேண்டும். 1788 நூலில் நியூட்டன் ஒரு கணக்குத் தருகிறார். தான் துணை அதிகாரியாக இருந்த கப்பல் 218 அடிமைகளோடு கரையை விட்டது. தென் கரோலினா போய்ச் சேருவதற்குள் 62 பேரைக் கடலில் போட்டோம். அந்தப் பயணத்தின் குறிப்பேடு இப்போது என் முன்னால் இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். கரையை விடுவதற்கு முன்பே செத்தவர்கள் இதில் சேரமாட்டார்கள், அவர்களுக்குக் கணக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். நல்ல கணக்குப்பிள்ளை. குறிப்பேடு நாற்பது வருஷமாக அவரிடம் இருந்திருக்கிறது என்று ஆகிறது. லிவர்பூலிலிருந்து ஓல்னிக்கும், ஓல்னியிலிருந்து லண்டனுக்கும் வீடு மாற்றுகிறபோதெல்லாம் கூடவே போயிருக்கிறது. காப்டனாக இருந்த காலத்துப் பதிவுகளில் இறந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. எண்தான். இன்ன எண் ஆண், இன்ன எண் பெண்.

நான் வங்கியில் எழுத்தர். சில காலம் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். தவணை தவறிய கடன்களுக்கு ஏலப் பட்டியல் தயார் செய்வது என் வேலை: கடன் எண், எடை, பாக்கி. ஏலம் முடிந்த மறுநாள் ஓர் அம்மாள் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு வந்து நின்றார். "நேத்து பஸ்ஸு இல்ல சார்" என்றார். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நோட்டீஸ் போயிருக்கிறது, திரும்பி வந்திருக்கிறது, பத்திரிகை விளம்பரமும் வந்திருக்கிறது. எல்லாம் முறைப்படி. அதைத்தான் சொன்னேன், மரியாதையாகவே சொன்னேன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அடிமைக் கப்பலையும் நகைக்கடனையும் ஒன்றாக்குகிற அசட்டுத்தனத்தை நான் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான பிணங்களுக்கு முன்னால் என் உதாரணம் கொசு. தூக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது எனக்கு எதையும் நிரூபிக்கவில்லை. அந்த அம்மாளின் பெயரும் எனக்கு நினைவில்லை, கடன் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் நினைவிருக்கிறது.

இதை எழுதுமுன் ஒரு நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். காலம் தாழ்ந்தாலும் சொன்னாரே, அது பெரிதில்லையா என்றார். பெரிதுதான். அந்த நூலின் பிரதிகள் பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்குப் போயின. 1790இல் மக்கள் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். வில்பர்ஃபோர்ஸ் அரசியலை விட்டு ஒதுங்காமல் இருந்ததில் அவருடைய ஆலோசனைக்கும் பங்கு உண்டு. அடிமை வணிகத்தைத் தடை செய்த சட்டம் 1807 மார்ச்சில் வந்தது. அதே டிசம்பரில் இறந்தார். அவர் சாட்சியத்துக்கு மதிப்பு வந்தது அவர் காப்டனாக இருந்ததால்தான், கணக்கு வைத்திருந்ததால்தான். மனிதர்களை எண்ணாக்கிய அதே ஏடு பிறகு அந்த வியாபாரத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஒருவிதமான கூச்சம்தான் வருகிறது. தன் ஒப்புதல் ரொம்பத் தாமதமாக வருகிறது, தான் செய்ததை அது திருத்தாது என்று அவரே அந்த நூலில் சொல்லிவிடுகிறார். நண்பரைவிட நியூட்டன் கறாரானவர். இன்னொன்று, அந்த நூலில் விரல் திருகைப் பற்றி எழுதும்போது, அடிமைகள் மணிக்கணக்கில் அதில் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன் என்கிறார். பார்த்திருக்கிறேன். போட்டேன் என்று எழுதியது 1752இல், ஒருவரும் படிக்கப் போவதில்லை என்றிருந்த ஏட்டில்.

எழுதுகிறவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு முள் இருக்கிறது. அடிமை வணிகத்துக்கு எதிராக முதலில் எழுதியது நியூட்டன் அல்ல, கூப்பர். 1782இல் வந்த கவிதைத் தொகுதியில் 'சாரிட்டி' என்ற கவிதையிலேயே கண்டிக்கிறார். 1785இல் 'தி டாஸ்க்'கில் மறுபடி. கப்பலேறாத கவிஞர், கப்பலோட்டியவரைவிட ஆறு வருஷம் முன்னால். விவரங்களை அவர் எங்கே தெரிந்துகொண்டார்? கினி வயலில் நடந்த பேச்சில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். சொன்னவருக்கு உறைக்காதது கேட்டவருக்கு உறைத்திருக்கிறது. 1788இல் வணிக ஒழிப்புக்காரர்கள் கேட்டுக்கொள்ள, தெருவில் பாடத் தக்க மாதிரி சில பாட்டுகளும் எழுதிக்கொடுத்தார். ஓர் ஆப்பிரிக்கன் தானே பேசுவதாக ஒன்று. நன்றாகப் பரவியது, நல்ல காரியம் செய்தது.

ஆனால் அவை நல்ல கவிதைகள் இல்லை. வாதம் சரி, சந்தம் சரி, உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. நான் திரும்பத் திரும்பப் படிக்கிற கூப்பர் கவிதை 1784இல் எழுதிய 'தி பாப்லர் ஃபீல்ட்'. ஓல்னிக்குப் பக்கத்தில், ஊஸ் கரையில், லாவண்டன் ஆலைக்கு அருகே வரிசையாக பாப்லர் மரங்கள் நின்றன. பல வருஷம் கழித்து அங்கே போகிறார், வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். இருபது வரி. நிழல் போன இடத்தில் தானும் கிடக்கப் போகிற நாள் தெரிகிறது. அதற்குப் பிறகு, சாவதற்கு ஒரு வருஷம் முன்பு, கப்பலிலிருந்து கடலில் விழுந்தவனைப் பற்றி எழுதிய 'தி காஸ்டவே'. அதில் புயல் வருகிறது, யாரும் காப்பாற்றவில்லை. புயலில் பிழைத்த நியூட்டனின் பாட்டை வைத்துக்கொண்டு இதைப் படித்தால், இரண்டில் எதைக் கோடிப் பேர் பாடுவார்கள் என்பதும் எதைச் சிலர் மட்டும் வைத்திருப்பார்கள் என்பதும் புரிந்துவிடும்.

ஆக, வெட்டின மரங்களுக்கு நல்ல கவிதை, விற்ற மனிதர்களுக்குச் சுமார் கவிதை. நம் வட்டத்தில் இதைச் சொன்னால் ஒரு பாதி கைதட்டும்: பார்த்தீர்களா, கருத்து கவிதையைக் கெடுக்கும். அந்தக் கைதட்டலும் எனக்கு வேண்டாம். கூப்பர் அந்தச் சுமாரான பாட்டுகளை, சுமார் என்று தெரிந்தே எழுதிக்கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். தன் பெயருக்கு அவை ஒன்றும் சேர்க்கா என்று தெரிந்திருக்கும். பாப்லர் கவிதை வேறு எதற்காகவும் எழுதியதல்ல. மற்றவற்றை யாருக்காகவோ எழுதினார். இரண்டில் எதற்கு அவர் உயர்ந்தவர்? விமர்சகனாக நான் முதலாவது என்கிறேன், எழுதவும் செய்வேன். அந்த நாலு சிறுவர்களில் ஒருவன் பிழைத்திருந்து, தன்னைப் போன்றவர்களைப் பற்றிய பாட்டு லண்டன் தெருக்களில் பாடப்படுகிறது என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால் அவன் எதைச் சொல்வான் என்று கேட்டுக்கொள்ளும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. தயங்கிவிட்டு, மறுபடி பாப்லர் என்றே எழுதுகிறது.

நியூட்டன் 1780இல் லண்டனுக்குப் போய், ஸெய்ண்ட் மேரி உல்நாத் தேவாலயத்தில் சாகும் வரை இருந்தார். லம்பார்ட் தெரு மூலையில், வங்கிகளுக்கு நடுவில், ஹாக்ஸ்மூர் கட்டிய தேவாலயம். நமக்கு அது 'தி வேஸ்ட் லேண்ட்' மூலம் தெரியும். எலியட் அந்த வட்டாரத்தில் லாயிட்ஸ் வங்கியில் 1917லிருந்து 1925 வரை வேலை பார்த்தார். அந்த மணியோசையைத் தான் அடிக்கடி கவனித்ததாகக் கவிதைக் குறிப்பில் அவரே சொல்கிறார். காலையில் வேலைக்குப் போகிற கூட்டத்தில் செத்தவர்களைப் பார்த்த கவிஞர், அந்தக் கட்டடத்துக்குள் யாருடைய வாசகம் கல்லில் இருந்தது என்று பார்த்தாரா, தெரியவில்லை. அதில் நியூட்டன் பெயரை அடுத்து வருகிற முதல் சொல் 'கிளார்க்'. பாதிரியார் என்பதற்கு அந்த நாளைய சொல். எண்களை எழுதிய நியூட்டன், தேர்வுக்குப் பயந்த கூப்பர், எலியட். எங்கள் உத்தியோகத்துக்கு இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது என்பதை யூனியன் கூட்டத்தில் சொல்ல முடியாது.

எலியட் வந்தபோது நியூட்டன் அங்கே இல்லை. தேவாலயத்துக்கு அடியில் பூமிக்குக் கீழ் ரயில் வருவதாயிற்று. நிலவறையைக் காலி செய்தார்கள். 1893இல் நியூட்டனையும் அவர் மனைவி மேரியையும் பெட்டியோடு எடுத்து ஓல்னிக்குக் கொண்டுவந்து, ஊஸ் நதிப் பக்கத்துத் தேவாலய வளாகத்தில் மறுபடி புதைத்தார்கள். லண்டனில் அந்த இடத்தில் 1900இல் திறந்த ஸ்டேஷனுக்கு 'பாங்க்' என்று பெயர். அதே ஆண்டில் ஓல்னியில் கூப்பர் வீட்டை மியூசியமாகத் திறந்தார்கள். பின்தோட்டத்தில் அவர் உட்கார்ந்து எழுதின சின்னக் கோடை அறை இன்னும் இருக்கிறது. கினி நாணயம் அடிப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வயலை இன்னும் கினி வயல் என்றுதான் சொல்கிறார்கள்.